கரணை எப்போது கைக்கு வரும்? கட்டட வேலை பழக நான்கு வழிகள், ஓர் அலசல்

அண்ணன் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜ் வேண்டாம், கட்டட வேலைதான் பழகுவேன் என்று ஒரே பிடியாக நின்றான். அண்ணன் நேரே என்னிடம் வந்தார். "நீதான்டா இருபது வருஷமா இதுலயே கிடக்கிற. எங்க சேர்க்கலாம்னு நீயே சொல்லு."

பட்டுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் சின்னக் கான்ட்ராக்டர் நான். ஒரே நேரத்தில் இரண்டு வீடு, மிஞ்சினால் மூன்று. ஆள் பிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஆனாலும் அண்ணன் கேட்டதற்குப் பட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பையனுக்கு இன்றைக்கு நான்கு வழி திறந்திருக்கிறது: மேஸ்திரியிடம் நேராகப் போவது, அரசு தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ., பெரிய கம்பெனி நடத்தும் பயிற்சி மையம், சிங்கப்பூருக்கான ஸ்கில் டெஸ்ட். ஊரில் எல்லோரும் சம்பளத்தையும் சர்டிபிகேட்டையும் வைத்துத்தான் இவற்றை எடைபோடுகிறார்கள். நான் வேறு இரண்டு கேள்வி கேட்பேன். கொத்தனார் கலவை எடுத்துப் பூசும் கரணை எத்தனை நாளில் பையன் கைக்கு வரும்? அவன் கெடுக்கும் சுவருக்கு யார் காசு கொடுப்பார்?

மேஸ்திரியிடம் போனால் முதல் நாளே கூலி. எங்கள் பக்கம் கொத்தனாருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகிறது. கூடமாட உதவும் பெரியாளுக்கு அதில் முக்கால் பங்கு தேறும். வீட்டில் கஷ்டம் இருந்தால் இந்த ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். ஆனால் கரணை வராது. கலவை போடுவது, கல் ஏற்றுவது, சாரம் கட்டுவது, சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது என்றே முதல் வருஷம் ஓடும். கொத்தனார் டீ குடிக்கப் போகும் நேரத்தில் நாலு கல் வைத்துப் பார்த்தால்தான் உண்டு. இதை மேஸ்திரியின் பொல்லாத்தனம் என்று நினைக்கக் கூடாது. ஒன்பது இஞ்சுச் சுவர் ஒன்று தூக்குக்குண்டுக்கு நிற்காமல் போனால் செங்கல், சிமென்ட், மூன்று பேர் கூலி எல்லாம் அவர் தலையில் விழும். வீட்டுக்காரர் வேறு குடையைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே நிற்பார். அதனால் பையனுக்குக் கண்ணில் படாத இடங்கள்தான் முதலில் கிடைக்கும்: செப்டிக் டேங்க்கின் உள்பக்கம், மண்ணுக்குள் மறைந்துவிடும் பேஸ்மென்ட் அடி வரிசை, பரண் மேல் மூலை. பிறகு கட்டு வேலை, பிறகு பூச்சு. சீலிங் பூச்சு கடைசியில். முழுக் கொத்தனார் கூலி வாங்க மூன்று நான்கு வருஷம் ஆகும்.

இப்படிப் பழகியவனிடம் இருக்கும் வேகம் வேறு எந்த வழியிலும் வராது. ரசமட்டம் வைக்கும் முன்பே சுவர் எங்கே வயிறு தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். இந்த அறைக்கு எத்தனை லோடு மணல் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடுவான். வீட்டுக்காரரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதும் கூடவே வந்துவிடும். அந்தப் பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். மேஸ்திரியின் கைப்பக்குவம் சீடனுக்கு வருவதுபோல அவர் தப்பும் வந்துவிடும். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கியை 135 டிகிரி உள்ளே வளைக்க வேண்டும் என்று டிராயிங்கில் போட்டிருக்கும். எங்கள் பக்கம் பாதிக் கம்பி வேலைக்காரர்கள் 90 டிகிரியில் வளைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "எங்க மேஸ்திரி அப்படித்தாங்க சொல்லிக் குடுத்தாரு." கான்கிரீட் இறுகிப்போனால் தண்ணீர் ஊற்றி இளக்குவதும், செங்கல்லை நனைக்காமல் கட்டுவதும் இப்படித்தான் மூன்று தலைமுறையாக வருகின்றன. தண்ணீர் கூடினால் வேலை சுலபம், கான்கிரீட்டின் பலம் குறையும். சுலபம் அன்றைக்கே தெரியும். பலம் குறைந்தது பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அதுவரை பையனைத் திருத்த ஆள் ஏது?

ஐ.டி.ஐ. இதற்கு நேர் எதிர். கொத்தனார் பிரிவு ஒரு வருஷப் படிப்பு. எட்டாம் வகுப்பு போதும். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையனுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். பெரியாள் கூலிக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் கரணை முதல் வாரமே கைக்கு வந்துவிடும். கட்டிப் பழகிய சுவரைப் பிரித்து, அதே கல்லைத் தட்டி எடுத்து மறுபடி கட்டலாம். கெடுத்தால் திட்டு உண்டு, நஷ்டம் கிடையாது. டிராயிங் படிப்பது, நூலும் மூலைமட்டமும் பிடிப்பது, ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் எங்கே, நாலு பங்கு எங்கே என்பதெல்லாம் காரணத்தோடு வரும்.

என்னிடம் அப்படி ஒரு பையன் வந்தான். முதல் நாள் அவன் கட்டிய சுவரைப் பார்த்து என் பழைய கொத்தனாரே வாயடைத்துப் போனார். இணைப்புகள் அச்சடித்ததுபோல இருந்தன. சாயங்காலம் எண்ணினால் இருநூறு கல்கூடத் தேறவில்லை. பக்கத்தில் நின்றவர் ஐநூறைத் தாண்டியிருந்தார். அந்தப் பையனைப் பெரியாள் கூலிக்கு வைத்துக்கொள்ள எனக்கு மனம் வந்தது, அவன் இருக்கவில்லை. படித்துவிட்டு வந்தும் பெரியாள் கூலியா என்று கோபித்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். ஆறு மாதம் பொறுத்திருந்தால் என் சைட்டிலேயே நல்ல கொத்தனாராகியிருப்பான். பிடித்து வைக்காதது என் தப்பும்தான்.

இன்னொரு தொல்லை, எல்லா ஐ.டி.ஐ.யிலும் கொத்தனார் பிரிவு கிடையாது. இருந்தாலும் தேடிப் போய்ச் சேருகிறவர் குறைவு. கூட்டமெல்லாம் எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும்தான். "கொத்து வேலைக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்காத அப்பா எங்கள் ஊரில் இல்லை. பிளம்பிங், ஒயரிங் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், ஐ.டி.ஐ.தான். அந்தத் தப்பெல்லாம் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். டைல்ஸை உடைத்தால்தான் வெளியே வரும்.

படிப்பு முடிந்ததும் கம்பெனியில் அப்ரண்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே பழகுபவராக, சேர 1961-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். எட்டுப் பேரை வைத்து வீடு கட்டும் என்னை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஊரில் பெரும்பாலான வீடுகளைக் கட்டுவது என்னைப்போன்ற ஆட்கள்தான் என்பது வேறு கதை.

மூன்றாவது, கம்பெனிப் பயிற்சி. எல் அண்ட் டி 1995-லேயே இப்படிப் பயிற்சி மையம் தொடங்கியது. காஞ்சிபுரம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. பயிற்சி இலவசம், தங்கும் இடமும் உண்டு. சில மாதத்தில் சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கு அச்சு அடிப்பது), கம்பி, வெல்டிங், சாரம் என ஏதாவது ஒன்றில் ஆளைத் தேற்றி சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கெட்டுப்போகும் பொருளுக்குக் கம்பெனியே காசு கொடுக்கிறது. முப்பது மாடிக் கட்டடத்தில் நடக்கும் தப்பைவிடப் பயிற்சிக் கூடத்தில் நடக்கும் தப்பு எவ்வளவோ மலிவு. ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டாமல் மேலே ஏறக் கூடாது என்பது உடம்பிலேயே ஊறிவிடும். இது ஒன்றுக்காகவே நான் அந்தப் பையன்களை மதிக்கிறேன். எங்கள் ஊர்ச் சாரத்தில் செருப்புக்கூட இல்லாமல்தான் ஏறுகிறோம்.

ஆனால் அங்கே கிடைப்பது ஒரே ஒரு தொழில். மைவான் ஷட்டரிங் என்னும் அலுமினிய அச்சு போடும் அடுக்குமாடியில் சுவரே கான்கிரீட்தான். செங்கல்லுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. நாலு வருஷம் பெரிய சைட்டில் இருந்துவிட்டு வந்த ஒருவருக்கு நான் வேலை கொடுத்தேன். தூணின் கம்பிக்கூட்டை மில்லி மீட்டர் பிசகாமல் கட்டினார். அடுத்த வாரம் கம்பி வேலை முடிந்ததும், அண்ணே இப்ப என்ன செய்யட்டும் என்று நின்றார். கிராமத்து வீட்டு வேலைக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கை வேண்டும். மெட்ரோ, விமான நிலையம் என்று ஊர் ஊராகப் போகத் தயார் என்றால், மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் வேண்டும் என்றால், இந்த வழிக்கு ஈடே இல்லை. அம்மா சமையலை விட்டு இருக்க முடியாதவனுக்கு இது சரிப்படாது.

நாலாவது வழியைச் சொல்லாமல் எங்கள் ஜில்லாவில் எதையும் முடிக்க முடியாது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போக அந்நாட்டுக் கட்டடத் துறை ஆணையத்தின் ஸ்கில் டெஸ்ட்டில் தேற வேண்டும். அதற்கான மையங்கள் இங்கேயே இருக்கின்றன. டைல்ஸ், பிளம்பிங், கம்பி, ஒயரிங் என்று ஏதாவது ஒரு பிரிவில் செய்முறையும் எழுத்துத் தேர்வும் உண்டு. செலவு ஏஜென்ட் பங்கோடு லட்சங்களில் போகும்; நிலத்தை அடகு வைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். கரணை இங்கேயும் முதல் நாளே வரும். ஆனால் பழகுவது தொழில் இல்லை, பரீட்சை. ஒரே மாதிரியை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து, குறித்த நேரத்தில் முடித்துக் காட்டுவது. டைல்ஸ் ஒட்டத் தேறியவனிடம் வளைந்த படிக்கட்டைக் கொடுத்தால் முழிப்பான். கெட்ட டைல்ஸுக்குக் காசு? பையன் வீட்டுப் பணம்தான்.

இதில் நான் கவனித்த சங்கதி ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி மாதாமாதம் அரசுக்கு வரி கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் நம் ஆட்களில் அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 டாலர், உயர் திறன் உள்ளவருக்கு 500 டாலர். ஆள் ஒருவர் திறனில் ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 டாலர் மிச்சம். அதனால் உங்கள் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று அங்கே யாரும் முதலாளிக்கு உபதேசம் செய்ய வேண்டியதில்லை. இங்கே நான் சர்டிபிகேட் வைத்திருக்கும் கொத்தனாரைப் போட்டாலும் போடாவிட்டாலும் வீட்டுக்காரர் சதுர அடிக்குத் தரும் தொகை ஒன்றுதான். அப்புறம் நான் எதற்காக ஒரு பையனுக்குச் சுவரைக் கெடுக்க இடம் கொடுப்பேன்?

ஏற்கெனவே பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு இந்த நான்கும் பொருந்தாது. 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் திட்டத்தில், தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. சான்று வரும், கைப்பழக்கம் மாறாது. அதைவிட மாநிலக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தன் உறுப்பினர்களுக்கு, கூலி இழப்புக்கு ஈடாகத் தினப்படி கொடுத்து நடத்தும் பயிற்சி உருப்படியானது. கட்டடச் செலவில் 1 சதவீதம் நலநிதியாகப் பிடிக்கிறார்களே, அந்தப் பணம் தொழிலாளியிடம் திரும்பி வர அது ஒரு வழி.

இந்த அலசலில் பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இருபது வருஷமாக என்னிடம் சித்தாளாக வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். கலவையின் பதத்தை என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் கையில் கரணையை யாரும் கொடுத்ததில்லை, நானும் கொடுத்ததில்லை. அவருக்குப் பின்னால் வந்த பையன்கள் எல்லாம் கொத்தனாராகிவிட்டார்கள். மேஸ்திரி வழி பெண்களுக்கு அடைத்தே கிடக்கிறது. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா கழிப்பறைகளுக்குக் கொத்தனார் போதாமல் போனபோது பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்று பேரே வந்துவிட்டது. ஆள் கிடைக்காத நெருக்கடியில்தான் கரணை அவர்கள் கைக்குப் போனது. இங்கே நெருக்கடி வந்தால் நாங்கள் வடக்கேயிருந்து ஆள் இறக்கிவிடுகிறோம்.

அண்ணனிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன். பதினெட்டு வயசுப் பையனைக் கடன் வாங்கி சிங்கப்பூர் டெஸ்ட்டுக்கு அனுப்பாதீர்கள். தொழில் கைக்கு வந்த பிறகு போனால் அங்கேயும் சீக்கிரம் மேலே ஏறலாம். ஒரு வருஷம் கூலி இல்லாமல் வீடு தாங்குமென்றால் ஐ.டி.ஐ.யில் சேருங்கள்; தாங்காது என்றால் மேஸ்திரி, அதுவும் கேள்வி கேட்டால் கோபிக்காத மேஸ்திரியாகப் பார்த்து. அண்ணனுக்கு ஒரு வருஷம் தாங்கும். பக்கத்து ஐ.டி.ஐ.யில் கொத்தனார் பிரிவு இல்லை, பிளம்பர் இருந்தது. சேர்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் சைட்டுக்கு வருகிறான். போன வாரம் செப்டிக் டேங்க் உள்சுவரில் நாலு வரிசை கட்டினான். மூன்றாவது வரிசை நூலுக்கு வெளியே நின்றது. பிரித்துக் கட்டச் சொன்னேன். "சித்தப்பா, சிமென்ட் வீணாப் போகுதே" என்றான். போகட்டும், என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன் என்றேன். எங்களைப் பார்த்துக்கொண்டே கலவைச் சட்டியை இறக்கி வைத்தார் அந்த அக்கா.