உப்புத்தண்ணீரும் தடித்தது

ஆடி மாதம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு வந்தோம். கல்யாணம், குலதெய்வம், பத்திரப் பதிவு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதையெல்லாம் விடுங்கள். என் மகளின் இடது முன்கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பதினைந்து வயது. போன அக்டோபரிலிருந்து தோள், இடுப்பு, கணுக்கால் என்று திடீர் திடீரெனத் தடிக்கும், அரிக்கும், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். டொரான்டோவில் எங்கள் குடும்ப மருத்துவர் பிப்ரவரியில் ஒவ்வாமை நிபுணருக்கு எழுதிப் போட்டார். தேதி கிடைத்தது: நவம்பர் 19. செலவு என்று ஒரு டாலர் கிடையாது. அதுவரை சொறிந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். "திருச்சியில் பார்த்துக்கலாம்" என்றேன், பெரிய வீரன் மாதிரி.

தில்லைநகரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கிராஸுக்குக் கிராஸ் டாக்டர் போர்டுதான். திங்கள்கிழமை ஒரு ஒவ்வாமை டாக்டருக்கு ஃபோன் போட்டேன், புதன்கிழமை காலை வரச் சொன்னார்கள். அதை டொரான்டோ நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிப் பீற்றிக்கொண்டது உண்மை. ஃபோனில் பேசிய பெண், "சாப்பிட்டுட்டே வரலாம் சார், பழைய ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

டோக்கன் 14. டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருந்தார். அது மாறவில்லை, மாறியிருந்தால்தான் பயந்திருப்பேன். உள்ளே பரிசோதனை செய்கிற ஒரு அம்மா மகளின் முன்கையில் பேனாவால் எண் போட்டு, எண்ணுக்கு ஒரு சொட்டு வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் லேசாகக் குத்தினார். தூசிப்பூச்சி, கரப்பான், பார்த்தீனியம், நிலக்கடலை, முட்டை, இறால். கூடவே கணக்குக்கு இரண்டு: ஹிஸ்டமின் ஒன்று, உப்புத்தண்ணீர் ஒன்று. ஹிஸ்டமின் என்பது ஒவ்வாமையின்போது உடம்பே சுரந்து தோலைத் தடிக்க வைக்கிற ரசாயனம்; அதைக் குத்தினால் யாருக்கும் கொசு கடித்த மாதிரி வீங்கியாக வேண்டும். உப்புத்தண்ணீர் வீங்கக் கூடாது. அதைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக எது வீங்குகிறதோ அதுதான் சந்தேகத்துக்குரிய ஆள்.

இருபது நிமிடம் ஆயிற்று. கை மழமழவென்று இருந்தது. ஹிஸ்டமின்கூட எழும்பவில்லை.

அந்த அம்மா கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ராத்திரி மாத்திரை ஏதாச்சும் போட்டியா பாப்பா?" இல்லை என்று தலையாட்டினாள். என் பக்கம் திரும்பினார். "எங்க சார் தங்கியிருக்கீங்க?"

"எங்க அம்மா வீட்ல."

"அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடுங்க."

போட்டேன். "ஆமா, புள்ள ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. அவில் குடுத்தேன், பால்ல கரைச்சு. மூணு நாளா குடுக்கறேன், இப்ப அதுக்கென்ன?" என்றார் அம்மா. தெருமுனை மெடிக்கலில் சீட்டே கேட்காமல் கொடுத்த மாத்திரை. அவில் ஹிஸ்டமினை அடக்குகிற மருந்து. அது உடம்பில் இருந்தால் இந்தப் பரிசோதனையே வீண், ஒரு வாரம் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்றார்கள். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கவுன்ட்டரில் கத்தினேன். "எல்லாருக்கும் தெரியும் சார்" என்று பதில் வந்தது. கட்டிய 3,800 ரூபாய் கட்டியதுதான். கனடாவில் நவம்பர் தேதியோடு இரண்டு பக்கத்துக்கு அறிவுரைத் தாள் அனுப்பியிருந்தார்கள். எந்தெந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். பிப்ரவரியிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. நான் படித்ததில்லை.

அந்த ஒரு வாரம் வீடே வைத்தியசாலை. காணாக்கடி என்று தீர்ப்புச் சொன்ன சித்தப்பா வெற்றிலையில் மிளகு வைத்து மடித்துக் கொடுத்தார். மந்திரிக்க ஆள் இருக்கிறது என்றார் அத்தை. நான் அவில் அட்டையை என் பாஸ்போர்ட்டோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மறுபடி போனது ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். இந்த முறை ஹிஸ்டமின் அழகாக எழும்பியது. கரப்பானும் எழும்பியது, கடலையும் எழும்பியது, முட்டையும் எழும்பியது. அப்புறம் உப்புத்தண்ணீரும் எழும்பியது. போன வாரம் ஒன்றுமே தடிக்கவில்லை, இந்த வாரம் தடிக்காதது ஒன்றுமில்லை. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

டாக்டரை அழைத்தார்கள். எழுபது வயதிருக்கும். எதையும் கேட்காமல் பேனா மூடியின் முனையால் அவளுடைய மறு கையில் அழுத்தி ஒரு 'அ' எழுதிவிட்டு, பக்கத்து அறை நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். ஐந்தாறு நிமிடத்தில் 'அ' சிவந்து, கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி புடைத்து நின்றது. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப நான் தலைகீழாக நின்றும் வராத ஆர்வத்தோடு அவள் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

டெர்மோகிராஃபிசம் என்றார் டாக்டர். தோலில் அழுத்தமோ உரசலோ பட்ட இடம் தடிக்கிற வாகு. நூறு பேரில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இருக்கிறதாம், அதில் பலருக்கு அரிப்புகூட இருக்காதாம். புத்தகப் பை வார், ஜீன்ஸ் இடுப்பு, கால்பந்துக் காலுறை: தடித்த இடமெல்லாம் உரசின இடம். குத்தினால் உப்புத்தண்ணீரும் தடிக்கும். "சாப்பாட்டு மேல பழி போடாதீங்க. இருநூறு உணவுக்கு ரத்தப் பரிசோதனைன்னு விளம்பரம் வரும், அதுக்கும் காசு குடுக்காதீங்க."

"இந்த 'அ'வைப் போன வாரமே எழுதியிருக்கலாமே டாக்டர்?" என்றேன்.

"போன வாரம் அவில் இருந்துச்சே. எழும்பியிருக்காது."

அவில் மாதிரியே ஹிஸ்டமினை அடக்குகிற மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்: பிலாஸ்டின் 20 மில்லிகிராம், தினம் ஒன்று. வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் இரண்டு மணி நேரம் கழித்து. பழச்சாறுகூடக் கூடாது. கேட்க எளிதாக இருந்தது. எங்கள் அம்மா இருக்கிற வீட்டில் அப்படி ஒரு இடைவெளிக்கு எங்கே போவது? யோசித்து, விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து மகளை எழுப்பி, மாத்திரையும் தண்ணீருமாக வெளியே வந்தோம். சமையலறையில் விளக்கு எரிந்தது. அடுப்பில் பால்.