ஆத்தங்குடிக் கல்: இரண்டு கோடைக்குப் பிறகு

மதுரையில் எங்கள் கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் (காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமென்ட் தரை ஓடு) பதித்து இரண்டு கோடை ஆகிறது. மே மாத மத்தியானத்தில் அம்மா பாய்கூட விரிக்காமல் தரையிலேயே படுத்துவிடுகிறார், அவ்வளவு குளுமை.

பட்டறைக்கே போய் வாங்கினோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் அதன் மேல் மணலும் சிமென்ட்டும். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்கிறது, அவ்வளவுதான். பளபளப்பு அந்தக் கண்ணாடி தருவது.

ஆசிட் பக்கமே போகாதீர்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும்; நடக்க நடக்க மெருகேறும். அப்புறம், இந்தக் கல் பதித்துப் பழகிய கொத்தனாரையே கூப்பிடுங்கள். எங்கள் சமையலறையை வேறொருவர் பதித்ததில் மட்டம் பிசகி, மூலையில் தண்ணீர் தேங்குகிறது.