மாடல் ரயில் பெட்டியை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கவனம்

கோலாலம்பூரில் மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். "எந்தப் பெட்டியையும் கேடிஎம் (மலேசிய ரயில்வே) பெட்டியாக மாற்றித் தருகிறேன்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சொல்லிவரும் ஒருவரிடம் பணத்தையும் பொருளையும் இழந்திருக்கிறேன். புகார் விசாரணைக்குப் போயிருப்பதால் பெயர் போடவில்லை.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் கைபட்ட பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டியைச் சிறிதாகச் செய்து அவர் கண்முன்னே ஓடவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அது கடையில் கிடைக்காது. அதனால் சுவிட்சர்லாந்து ரேட்டியன் ரயில்வேயின் மாடல் பெட்டிகள் இரண்டை வாங்கினேன், பெமோ என்ற மாடல் ரயில் நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த ரயில்வேயும் நம் கேடிஎம்மைப் போலவே ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடுவது. 1:87 அளவில், அதாவது அசலை 87 மடங்கு சிறிதாக்கினால், அது சுமார் 11.5 மி.மீ.; பெமோ பெட்டி ஓடுவது 12 மி.மீ. தண்டவாளத்தில். சக்கரத்தில் கைவைக்கவே தேவையில்லை. நீளம்தான் போதவில்லை. ஒன்றை வெட்டி மற்றதோடு இணைத்து, வேண்டாத ஜன்னல்களை அடைத்து, கூரையை மாற்ற வேண்டும். அப்பாவிடமிருந்த புகைப்படத்தை வைத்து அளவோடு வரைபடமும் போட்டு, இரண்டு பெட்டிகளோடு அந்த ஆளிடம் கொடுத்தேன். கூலி 600 வெள்ளி (ரிங்கிட்), முழுவதும் முன்பணம்.

வேலை நடக்கும்போது படம் கேட்டால், "அண்ணே, பெயின்ட் காயட்டும், அப்புறம் அனுப்புறேன்" என்பார். எப்போது கேட்டாலும் அதே பதில்.

வந்த பெட்டியை அளந்து பார்த்தேன். பெமோ பெட்டியின் அதே நீளம், ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. வெட்டவே இல்லை! ஜன்னல்கள் இருந்த இடத்தில் இருந்தன, சிலவற்றின் மேல் பெயின்ட் மட்டும் பூசியிருந்தார். மற்ற ஜன்னல்களின் பிளாஸ்டிக் சூப்பர் க்ளூ ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. பளபளப்பு வார்னிஷ் அடிக்காமல் சொரசொரப்பான பெயின்ட் மேலேயே எழுத்து டெக்கால்களை (மெல்லிய ஒட்டுப் படலங்களை) ஒட்டியதால், ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கியது. அப்பா கையில் வாங்கிப் பார்த்து, "இது நம்ம வண்டி இல்லையேப்பா" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டாவது பெட்டி திரும்பி வரவில்லை. கேட்டால், வெட்டியதில் வீணாகிவிட்டதாம். வெட்டாத பெட்டிக்கு இந்தப் பதில். அவர் காட்டியிருந்த பழைய வேலைகளின் படங்களும் அவருடையவை அல்ல. ஒன்றை ஜப்பானிய ரயில் ரசிகர் ஒருவரின் பக்கத்தில் அப்படியே பார்த்தேன்.

இப்படி வேலை கொடுப்பவர்கள், பெயின்ட் ஏறுவதற்கு முன்னால் படம் வராமல் மீதிப் பணம் தராதீர்கள். வெட்டி இணைத்த கோடு, புட்டி வைத்த இடம், அடைத்த ஜன்னல் எல்லாம் பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் சாம்பல் நிற பிரைமர் பூச்சுக் கட்டத்தில் நன்றாகத் தெரியும். பெயின்ட் ஏறிவிட்டால் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்பதைப் படத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டியதில்லை. அதே ஆளிடம் ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள், நீங்களும் மனு போடுங்கள். சிவப்பு நிற பெமோ பெட்டி ஒன்று, கூரை ஓரத்தில் சிறு கீறலோடு, யாராவது விற்க வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள்.