சின்ன ஆபீஸ் சர்வர்: எஸ்.பி. ரோடு பழைய ரேக்கா, புது டவரா?

பெங்களூர்ல எங்க ஆபீஸ்ல இருபது பேருக்கு மேல, டாலி, ஃபைல் ஷேரிங், யூசர் லாகின், நைட்டு பேக்கப், இவ்ளோதான் சர்வர் வேலை. கையில மூணு சாய்ஸ். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்ல கிடைக்கிற ரீஃபர்பிஷ்ட் (பழசை சரி பண்ணி விக்கிற) ரேக் சர்வர், அதாவது அலமாரி மாதிரி ஃபிரேம்ல மாட்டற தட்டையான டைப், வாரன்டியோட புது சின்ன டவர், அதாவது டெஸ்க்டாப் சிபியு மாதிரி நிக்கிற டைப், இல்லன்னா டெஸ்க்டாப் ஒண்ண அசெம்பிள் பண்ணி சர்வரா ஓட்டறது. நாங்க எடுத்தது டவர், டெல் டி150, யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

டெஸ்க்டாப்ல ஈசிசி ரேம் (டேட்டால வர்ற சின்னத் தப்பை தானே திருத்திக்கிற ரேம்) பெரும்பாலும் இருக்காது, மானிட்டர் மாட்டாம தூரத்துல இருந்து பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல வர்ற செட்டிங்ஸ்) வரைக்கும் போய் பாக்கற வசதியும் கிடையாது. அஞ்சாறு பேர் ஆபீஸ்னா ஓட்டலாம்.

பழைய ரேக் மட்டமான சாமான் இல்லைங்க. டெல் ஆர்720ன்னா 2012ல வந்த மாடல், ரெண்டு ஜியான் ப்ராசஸர், ரெண்டு பவர் சப்ளை, ஓடிக்கிட்டு இருக்கும்போதே டிஸ்க்கை உருவி மாத்தலாம், அதுக்கு டிடிஆர்3ங்கிற பழைய தலைமுறை ரேமும் ரொம்ப சல்லிசா கிடைக்குது. நிறைய விஎம் (ஒரே மெஷினுக்குள்ள தனித்தனியா ஓடற மெய்நிகர் கம்ப்யூட்டர்) போட்டு டெஸ்ட் பண்றவங்க தாராளமா வாங்கலாம்.

ஆனா கரண்ட்டை யாருமே கணக்குல எடுக்கறதில்ல. ரெண்டு ப்ராசஸர் பழைய சர்வர் வேலையே இல்லாம நின்னாலும் 150 வாட் பக்கம் இழுக்கும்னு வைங்க, 24 மணி நேரமும் ஓடுது, மாசம் 108 யூனிட், அதுவே 40 வாட்ல நிக்கிற சின்ன டவர்னா 29 யூனிட், அப்போ வருஷத்துக்கு 950 யூனிட் கிட்ட வித்தியாசம், அதுவும் கமர்ஷியல் ரேட்ல, அப்புறம் அந்த சூட்டை வெளிய தள்ள ஏசி வேற ஓடணும். பில்லை விட யூபிஎஸ்தான் பெரிய விஷயம். சின்ன யூபிஎஸ்ல இருக்கறது 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஒண்ணு, கணக்குக்கு 84 வாட் அவர், 150 வாட் லோடுக்கு பேப்பர்லயே அரை மணி நேரம்தான், நிஜத்துல அதுல பாதி வந்தா பெரிசு. மழைக்காலத்துல சாயந்திரம் கரண்ட் போய் போய் வர்ற ஏரியால அது பத்தவே பத்தாது, பெரிய யூபிஎஸ், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி செட்டுன்னு போனா பழைய சர்வர்ல மிச்சம் பிடிச்ச காசு அங்கயே கரைஞ்சிடும்.

லைசென்ஸையும் பாருங்க. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு கோர் (ப்ராசஸருக்குள்ள வேலை செய்யற யூனிட்) கணக்குல காசு, ரெண்டு ப்ராசஸர்லயும் பன்னெண்டு பன்னெண்டு கோர் இருந்தா 24 கோருக்கும் கட்டணும். சின்ன டவர்ல விண்டோஸ் சர்வர் 2022 எசென்ஷியல்ஸ்ங்கிற சின்ன ஆபீஸ் எடிஷன் போடலாம், ஒரு ப்ராசஸர், 10 கோர் வரைக்கும், 25 யூசர், ஒவ்வொரு யூசருக்கும் தனியா வாங்கற சிஏஎல் (CAL) லைசென்ஸ் வேண்டாம்.

டி150லயும் குறை இருக்கு. ஒரே பவர் சப்ளைதான், ரேம் 128 ஜிபிக்கு மேல ஏறாது, அதுவும் அன்பஃபர்டு (நடுவுல தனி பஃபர் சிப் இல்லாத) ஈசிசிதான் ஏத்துக்கும், பழைய சர்வர்ல இருந்து கழட்டின ரெஜிஸ்டர்டு (அந்த சிப் இருக்கற) ரேம் மலிவா வருதேன்னு வாங்கிட்டு வந்தா வேலை செய்யாது. வெறும் ஃபைல் மட்டும்தான்னா நாஸ் (நெட்வொர்க்ல மாட்டி ஃபைல் வெக்கற பெட்டி) போதும்னு நிறைய பேர் சொல்றாங்க, நான் அதை வீட்ல மட்டும்தான் ஓட்டியிருக்கேன், அதனால ஆபீஸுக்கு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

கொட்டேஷன் வாங்கும்போது ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாம பல டிஸ்க்கை சேர்த்து ஓட்டறது) கார்டு தனியா இருக்கா, எஸ்150ங்கிற சாஃப்ட்வேர் ரெய்டான்னு கேட்டுக்குங்க, பின்னாடி விஎம் ஓட்டற விஎம்வேர் சாஃப்ட்வேர் போடற எண்ணம் இருந்தா அந்த எஸ்150 ஒத்துவராது.