வேலையை விடாமல் எம்பிஏ: பட்டம் வாங்கி நாலு வருஷம் கழித்து

ஒரகடம் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் புரொடக்‌ஷன் வேலை எனக்கு. மெக்கானிக்கல் பி.இ. முடித்து, ஷாப் ஃப்ளோரிலேயே பதினைந்து வருஷம் போல ஓடிய பிறகு பகுதிநேர எம்பிஏ சேர்ந்தேன். ஜூனியர் பையன்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "படிச்சா சம்பளம் ஏறுமா சார்?" படித்தேன் என்பதற்காக ஏறாது. எங்கள் எச்.ஆர். என் சர்ட்டிஃபிகேட்டை ஸ்கேன் செய்து ஃபைலில் சேர்த்தார், கை குலுக்கினார், அவ்வளவுதான். ஆனாலும் கட்டின பணம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் நேரம். வார இறுதி வகுப்பு என்பது ஐ.டி.காரர்களை வைத்துப் போட்ட டைம்டேபிள். ஃபேக்டரிக்குச் சனிக்கிழமை வேலை நாள். அதுவும் மாதக் கடைசி என்றால் டிஸ்பாட்ச் டார்கெட் கழுத்தில் நிற்கும். ஐஏடிஎஃப் 16949 என்ற வாகனத் துறைத் தரச் சான்றுக்கான ஆடிட் வரும் மாதத்தில் லீவு என்று வாயே திறக்க முடியாது. சாயங்கால வகுப்பு அதைவிட மோசம். ஷிஃப்ட் முடித்து, வண்டலூர் ரோட்டைப் பிடித்து, தாம்பரம் நெரிசலைத் தாண்டி நகரத்துக்குள் வருவதற்குள் முதல் பீரியட் போயிருக்கும். சேர்வதற்கு முன்னால் பிளான்ட் ஹெட்டிடம் மெயிலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சரி என்றவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவருக்கு உங்கள் படிப்பு ஒரு தொந்தரவு. வீட்டிலும் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை இருக்காது. பிள்ளைகளின் பரீட்சை, உறவில் கல்யாணம், ரேஷன், கேஸ் எல்லாம் என் மனைவி தலையில்தான் விழுந்தது. எந்த பிராஸ்பெக்டஸும் அந்தச் செலவைச் சொல்லாது.

பாடங்களில் பாதி சீக்கிரம் மறந்துவிட்டது. மார்க்கெட்டிங் கேஸ் ஸ்டடிகளை ரசித்துப் படித்தேன், பயன்படுத்த இடம் வரவில்லை. ஆபரேஷன்ஸில் கான்பான் (தேவைப்படும்போது மட்டும் பொருளை வரவழைக்கும் அட்டை முறை), டாக்ட் டைம் (ஒரு பார்ட்டை எத்தனை நேரத்துக்கு ஒன்று முடிக்க வேண்டும் என்ற கணக்கு) எல்லாம் தினமும் பார்ப்பதுதான். ஆனால் எம்ஐடியில் 1960-களில் உருவான 'பியர் கேம்' என்ற விளையாட்டை வகுப்பில் ஆடவைத்தார்கள். கடைக்காரர், மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேக்டரி என்று நாலு பேர். வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு நாலு பெட்டி பீரிலிருந்து எட்டு பெட்டியாக ஒரே ஒரு முறை ஏறும், அதற்குப் பிறகு அசையவே அசையாது. ஆனால் ஒவ்வொருவரும் பயந்துபோய்க் கொஞ்சம் கூட்டிக் கூட்டி ஆர்டர் போட, ஃபேக்டரியில் உட்கார்ந்தவருக்கு முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. எங்களுக்கு வரும் ஷெட்யூல் வாராவாரம் ஏன் குதிக்கிறது என்பது அந்த மேஜையில்தான் விளங்கியது. அதன் பிறகு எங்கள் சப்ளையர்களுக்கு எங்கள் ஆர்டரோடு கஸ்டமரின் ஷெட்யூலையும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தோம்.

ஃபைனான்ஸ்தான் ஃபீஸைத் திருப்பித் தந்த பாடம். ரோபோ வெல்டிங் செல் ஒன்றுக்கு கேபெக்ஸ், அதாவது மெஷின் வாங்கும் முதலீட்டுப் பணம், கேட்டிருந்தோம். எண்களைக் கொஞ்சம் முழுசாக்கிச் சொல்கிறேன்: விலை 1.2 கோடி, ஆள்கூலியிலும் ரீவொர்க்கிலும் வருஷம் 30 லட்சம் மிச்சம். "நாலு வருஷத்தில் பணம் திரும்பிடும்" என்று எழுதி அனுப்புவது எங்கள் வழக்கம், திருப்பி அனுப்புவது ஃபைனான்ஸின் வழக்கம். இந்த முறை அவர்கள் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். நாளைக்கு வரும் ரூபாய்க்கு இன்றைய ரூபாயைவிட மதிப்பு குறைவு என்பதால், 12 சதவீத வட்டியில் ஐந்து வருஷ மிச்சத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 1.08 கோடி. அதாவது 12 லட்சம் நஷ்டம். அந்த ஐந்து வருஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எல்லா மெஷினுக்கும் அதுதான் போடுவார்களாம். ஆனால் அந்த பார்ட் போகும் மாடல் ஏழு வருஷம் ஓடும் என்று கஸ்டமர் தந்த வால்யூம் பிளானிலேயே (எந்த வருஷம் எத்தனை பார்ட் வேண்டும் என்ற திட்டம்) இருந்தது. ஏழு போட்டால் 1.37 கோடி. அதே மெஷின், அதே மிச்சம், இப்போது 17 லட்சம் லாபம். வால்யூம் பிளானை இணைத்து மீட்டிங்கில் வைத்தேன். ஃபைனான்ஸ் கன்ட்ரோலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அடுத்த பட்ஜெட் மீட்டிங்கிலிருந்து என்னையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போதைய பதவி அந்த வழியாக வந்ததுதான், சர்ட்டிஃபிகேட் வழியாக இல்லை.

அதே கணக்கை எம்பிஏவுக்கே போட்டுப் பாருங்கள். ஃபீஸ், புத்தகம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 9 லட்சம் என்று வையுங்கள். அதே 12 சதவீதத்தில், பத்து வருஷத்தில் அது திரும்ப வேண்டுமென்றால் வரி போக வருஷம் 1.6 லட்சம் கூடுதலாகக் கைக்கு வர வேண்டும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அது மாதம் 19 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சம்பள உயர்வு. அதுவும் படிக்காமலே வந்திருக்கக்கூடிய வருடாந்திர இன்க்ரிமென்டைக் கழித்துவிட்டு! ஃபீஸ் 20 லட்சம் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று ஏஜென்ட் சொல்வார். பழைய வரி முறையில் இருந்தால்தான் அது. கம்பெனியே கட்டுகிறது என்றால், படித்த பிறகு இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டைப் படியுங்கள். படித்த சூட்டோடு வெளியே போனால்தான் நல்ல சம்பளம் கிடைக்கும், அந்தக் காலம் முழுக்க பாண்ட் பிடித்து வைத்திருக்கும்.

பகுதிநேரப் படிப்புகளில் பெரும்பாலும் கேம்பஸ் பிளேஸ்மென்ட் கிடையாது. கன்சல்டிங், புராடக்ட் மேனேஜ்மென்ட் என்று தடம் மாற நினைப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். பட்டம் மட்டும் போதும் என்றால் இக்னோ போன்ற தொலைநிலை எம்பிஏ பல மடங்கு மலிவு; அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் அறிவித்துவிட்டது. பெரிய கல்லூரிப் பெயரில் வரும் 'எக்ஸிக்யூட்டிவ் சர்ட்டிஃபிகேட்' வேறு, பட்டம் வேறு. சர்ட்டிஃபிகேட்டுக்குப் பொதுவாக 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். டிசைனிலோ டூலிங்கிலோ ஆழமாகப் போக ஆசை இருப்பவருக்கு இந்த வம்பே வேண்டாம்.

என்னிடம் வரும் பையன்களை முதலில் பிளான்ட்டின் கேபெக்ஸ் மீட்டிங்கில் ஓரமாக உட்கார அனுமதி கேட்கச் சொல்கிறேன். அனுமதித்தால் எம்பிஏவுக்கு அப்ளிகேஷன் போடட்டும். "உனக்கு எதுக்குப்பா அது" என்று விரட்டும் கம்பெனியாக இருந்தால், முதலில் வேலையை மாற்றட்டும், படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.