கர்ப்பப்பை இறக்க அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் ஆறு வாரம்: அமர்த்திய பராமரிப்புச் சேவை எப்படி இருந்தது

சென்ற ஐப்பசியில் என் அத்தைக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, கர்ப்பப்பை இறக்கத்துக்கான அறுவை சிகிச்சை நடந்தது. பிறப்புவழியாகவே கர்ப்பப்பையை அகற்றிவிட்டு, சிறுநீர்ப்பையைத் தாங்கும் முன்சுவரையும் மலக்குடலை ஒட்டியிருக்கும் பின்சுவரையும் இறுக்கித் தைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளியில் எனக்குப் பத்து நாளுக்கு மேல் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே மதுரையிலேயே இயங்கும் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்திடம் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஆள் கேட்டு, ஆறாவது வாரம் முடியும்வரை அவர்களுடைய சேவையைப் பயன்படுத்தினோம். முதல் ஆறு நாள் மிக மோசமாக இருந்தது. அதற்குப் பின் வந்த முப்பத்தொரு நாளும் அத்தனை நன்றாக இருந்தது. குறையையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே நிலையில் தாயையோ மாமியாரையோ வீட்டில் வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறவர்கள் எதைக் கேட்டு அமர்த்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்துத் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். நிறுவனத்தின் எண்ணை அழைத்தபோது பேசியவர் ஆண். "என்ன ஆபரேஷன்?" என்று அவர் கேட்டதும், எனக்கு வாய் வரவில்லை, "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். அத்தை இந்த நோயை எட்டு ஆண்டுகள் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தவர். நெடுநேரம் நின்றால் கீழே ஏதோ இறங்கி வருவதும், தும்மினால் புடவை நனைவதும், உட்கார்ந்து எழும்போது கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொள்வதும் நான்கு பிள்ளை பெற்றவளுக்கு இயல்புதான் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கூச்சத்தைப் பற்றி நான் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறேன். அதே கூச்சத்தால்தான் நானும் முழு விவரம் சொல்லவில்லை என்பது பிறகே உறைத்தது. அடி இறங்கியதற்கான அறுவை சிகிச்சை, முன்னும் பின்னும் தையல் போட்டிருக்கிறார்கள், கனம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வரக் கூடாது என்ற நான்கு செய்தியையும் சொல்லியிருந்தால், அவர்கள் அனுப்பும் ஆள் வேறாக இருந்திருக்கக்கூடும்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்பது சேவை நடத்துகிறவர்களின் பொறுப்பு. பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துப் பழகிய ஒரு பெண்ணை நாளொன்றுக்கு 850 ரூபாய்க்கு அனுப்பினார்கள். அவர் கெட்டவர் அல்ல; சுத்தமானவர், நேரத்துக்கு வருகிறவர். ஆனால் அவருக்குத் தெரிந்த வேலை, நோயாளியைப் படுக்க வைத்துப் பார்ப்பது. அத்தை எழுந்து கூடத்தில் நடக்கப் போனால், "படுங்கம்மா, தையல் பிரிஞ்சிடும்" என்று தடுத்துவிடுவார். மருத்துவரோ, காலில் ரத்தம் உறையாமல் இருக்க வீட்டுக்குள் அடிக்கடி மெதுவாக நடக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

எட்டாம் நாள் நடந்தது இன்னும் பெரியது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் அத்தைக்கு மலம் போகவில்லை. மலத்தை இளக்க மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த லாக்டுலோஸ் சிரப்பை, வயிற்றுப்போக்கு ஆகிவிடும் என்று சொல்லி அந்தப் பெண் கொடுக்காமலே வைத்திருந்தார். நானும் சரிபார்க்கவில்லை. உறவினர்கள் பத்தியம் என்று சொன்னதைக் கேட்டுப் பால், ரொட்டி, ரசஞ்சாதம் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் இருந்தோம். நார்ச்சத்து என்று ஒன்று அந்தச் சாப்பாட்டில் இல்லவே இல்லை. அன்று காலை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த எனக்கு, "முக்குங்கம்மா, இன்னும் கொஞ்சம் முக்குங்க" என்று அவர் சொல்வது கேட்டது. பின்சுவரைத் தைத்திருக்கும் ஒருவர் முக்கினால், அந்த அழுத்தம் நேராகத் தையலின் மேல்தான் போய் இறங்கும். நான் உள்ளே ஓடி அத்தையை எழுப்பி அழைத்து வந்தேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவர் அழுதார். வலிக்காக இல்லை, அறுவை சிகிச்சை வீணாகிவிட்டதோ என்ற பயத்துக்காக. அது ஞாயிற்றுக்கிழமை. நிறுவனத்தின் எண்ணுக்கு ஏழு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. மருத்துவமனையின் பிரசவ வார்டு செவிலியர்தான் தொலைபேசியில் பேசி, சிரப்பின் அளவையும், அது வேலை செய்யாவிட்டால் மறுநாள் அழைத்து வரவும் சொன்னார்.

திங்கட்கிழமை நிறுவனத்தாரிடம் நான் கோபமாகத்தான் பேசினேன். அவர்கள் வாதாடவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆள் அனுப்பும் பொறுப்பிலிருந்த பெண்மணி டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, மூன்று நாளில் வேறு ஆளை அனுப்புவதாகவும், முதல் ஆளுக்குக் கொடுத்த தொகையில் இரண்டு நாள் ஊதியத்தைக் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். சொன்னபடியே இரண்டையும் செய்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்தச் சேவைகளில் கேர்டேக்கர் என்பவர் வேறு, செவிலியர் பயிற்சி முடித்தவர் வேறு என்பது. வெளியில் எல்லோரையும் 'ஹோம் நர்ஸ்' என்றே அழைக்கிறார்கள். அமர்த்தும்போதே நாம்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

பதினோராம் நாள், நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று, இரண்டாமவர் வந்தார். மகப்பேறு வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், ஐம்பதை நெருங்கும் வயது. ஊதியம் 1,100 ரூபாய். வந்த அன்று நோயாளியைப் பார்ப்பதற்கு முன் அவர் வீட்டைப் பார்த்தார். அடுப்படியில் தரையில் இருந்த குடங்கள், கொல்லையில் துணி ஊறவைக்கும் வாளி, கிரைண்டர் கல், அத்தை வழக்கமாகப் பாய் விரித்துப் படுக்கும் இடம், எல்லாவற்றையும் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, "அம்மா கைக்கு எட்டுற இடத்துல ஒரு சொம்பு மட்டும் இருந்தாப் போதும்" என்றார். குடங்கள் அன்றைக்கே மேல் திண்டுக்குப் போயின.

கழிப்பறைக்கு அவர் செய்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்த ஆறு வாரத்தில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். எங்கள் வீட்டில் இந்திய முறைக் கழிப்பறை. தையலோடு குந்தி உட்கார்ந்து எழுவது கடினம் என்பதால், கோரிப்பாளையத்தில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 2,200 ரூபாய்க்குக் கமோடு நாற்காலி வாங்கி, பீங்கானின் மேலேயே வைத்திருந்தோம். அதில் உட்கார்ந்தால் அத்தையின் பாதம் தரையில் சரியாகப் பதியவில்லை. குந்தி உட்கார்ந்தே பழகியவருக்கு அப்படி உட்கார்ந்தால் வரவும் இல்லை. இரண்டாமவர் நான்கு செங்கல் கேட்டார். ஒவ்வொரு பாதத்துக்கும் இரண்டாக அடுக்கி, வழுக்காமல் இருக்கப் பழைய துண்டால் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். பாதத்தை அதன் மேல் வைத்ததும் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தது. முன்பக்கம் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சை மெல்ல வெளியே விடச் சொன்னார். மூச்சைப் பிடித்தால்தானே முக்கல் வரும். மடித்த சுத்தமான பேட் ஒன்றைத் தையல் பக்கம் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார். காலையில் வெந்நீர், இரவில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் இசப்கோல், இடையில் கொய்யாவும் பப்பாளியும் கீரையும். இசப்கோலைக் குறைந்த தண்ணீரில் குடித்தால் இன்னும் இறுகிவிடும் என்பதை ஒவ்வொரு நாளும் அத்தையிடம் சொல்வார். பதின்மூன்றாம் நாளிலிருந்து அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். சிறுநீர் போன நேரம், மாற்றிய பேட்களின் எண்ணிக்கை, கசிவின் நிறம், காய்ச்சல் அளவு, நடந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். சிறுநீர் போக வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு சிலருக்குச் சிறுநீர் முழுதாகப் போகாமல் தங்கிவிடும் என்பதால், போன நேரத்தோடு, முழுதாகப் போனது போல் இருக்கிறதா என்றும் கேட்டு எழுதுவார். பதினாறாம் நாள் பேடில் பழுப்பு நிறக் கசிவோடு சிறு நூல் துண்டு ஒன்று இருந்ததைக் கண்டு அத்தை நடுங்கிப் போனார். உள்ளே போடும் தையல் தானாகக் கரைவது, கரையும்போது நூல் இப்படி வெளியே வருவது உண்டு என்று சொல்லிவிட்டு, தன் சொல்லே போதும் என்று விடாமல் மருத்துவருக்கும் அழைத்து உறுதி செய்துகொண்டார். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் எனக்குச் சொல்லிவைத்தார்: பேட் நனைந்து வழியும் அளவு புது ரத்தம், துர்நாற்றம், காய்ச்சல், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும். இவற்றில் ஒன்று கண்டாலும் அவரைக் கூப்பிடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்டளை.

பராமரிப்பு ஆள் எதற்கு என்று கேட்ட உறவினர்கள் பலர். வயிற்றில் காயம் இல்லை. மூன்றாம் வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது, நடை சீராகிவிட்டது. பார்க்க வந்த பெரியம்மா ஒருவர், "ஆபரேஷன் பண்ண மாதிரியே தெரியலையே" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனார். இந்த அறுவை சிகிச்சையில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வலி குறைந்த அளவுக்கு உள்ளே சதை ஆறியிருக்காது. நன்றாக இருப்பதாக உணரும் பெண் வேலையைத் தொட ஆரம்பிப்பார்; நம் வீடுகளில் வேலை என்பது பெரும்பாலும் எதையாவது தூக்குவதுதான்.

எங்கள் தெருவில் மாநகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வரும். பத்தொன்பதாம் நாள், தண்ணீர் வந்த சத்தம் கேட்டதும், நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அத்தை எழுந்து கொல்லைக்குப் போய், நிரம்பிய வாளியின் பிடியில் கை வைத்துவிட்டார். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. அப்போதுதான் வாசலுக்குள் நுழைந்த செவிலியர், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப் போய் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். திட்டவில்லை. "ஊறின புடவை ஒண்ணுகூட உங்களுக்குக் கனம்தான்மா. மூணு மாசம் கழிச்சு நீங்களே தூக்குங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். அத்தை அதற்குப் பின் வாளிப் பக்கம் போகவில்லை. நாங்கள் கொடுத்த 1,100 ரூபாய்க்கு வேறு எந்த வேலையும் அவர் செய்யாமல் இருந்திருந்தாலும் எனக்குக் குறை இருந்திருக்காது.

பிசியோதெரபிஸ்ட் வருகையையும் இந்த நிறுவனமே ஏற்பாடு செய்கிறது. ஒரு வருகைக்கு 700 ரூபாய், தனிக் கட்டணம். மருத்துவர் நான்காம் வாரத்தில் அனுமதித்த பிறகு ஒருவர் மூன்று முறை வந்து இடுப்படித் தசைப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இடுப்படித் தசையைச் சுருக்கி விரிக்கும் இந்தப் பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதி வெளியிட்டார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. வாயு பிரியாமல் அடக்குவது போல உள்பக்கமாக இழுத்துப் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்றார். இருமல், தும்மல் வரும் என்று தெரிந்ததும் முந்திச் சுருக்கிக்கொள்ளச் சொன்னது அத்தைக்கு மிகவும் உதவியது. படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துக் கையூன்றி எழுவதை முதல் நாளிலேயே வந்து கற்றுக்கொடுத்திருக்கலாம் என்பது மட்டும் என் வருத்தம்.

கழித்துக்கொண்ட இரண்டு நாள் ஊதியம் போக, பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துப் பராமரிப்புக்கு மட்டும் 39,000 ரூபாய் ஆயிற்று. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. முழுநேர ஆள் வைக்க முடியாதவர்கள், காலையில் தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, மாவாட்டித் தரும் மூன்று மணி நேரத்துக்காவது ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். நோயாளியைத் தொடவே வேண்டாம், கனமானவற்றைத் தொட்டால் போதும். எங்கள் நிறுவனத்தைப் பொறுத்தவரை, ஆளை மாற்றிக் கொடுத்த நேர்மைக்காகவும் அந்தச் செவிலியருக்காகவும் மீண்டும் அழைப்பேன். டிஸ்சார்ஜ் சீட்டைப் படிக்காமல் ஆள் அனுப்புவதும், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுக்காததும் மன்னிக்கக் கூடிய குறைகள் அல்ல. அவற்றை அவர்களுக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

நாற்பத்திரண்டாம் நாள் பரிசோதனையில் தையல் நன்றாக ஆறியிருப்பதாக மருத்துவர் சொன்னார். சமைக்கலாம், பேருந்தில் போகலாம். குடம் மட்டும் பன்னிரண்டு வாரம் முடியும்வரை கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னிடம் கேட்டது, அந்தச் செவிலியர் தண்ணீர் வரும் நாள்களில் மட்டும் காலையில் வர முடியுமா என்பதுதான். நிறுவனத்திடம் பேசி, நாளுக்கு 400 ரூபாய்க்கு இப்போது வந்துகொண்டிருக்கிறார்.