சீதா சிங்ஸ் த ப்ளூஸ்: இலவசமாகக் கிடைக்கும் ஒரு படமும் அதன் பாட்டுக் கடனும்

அமெரிக்கப் படக்கதை ஓவியர் நீனா பேலி ஏறத்தாழத் தனியொருவராக வரைந்து இயக்கிய இந்த 82 நிமிட அனிமேஷன் படத்தை ஆர்க்கைவ்.ஆர்க் தளத்திலிருந்து எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். கோப்புகள் பல அளவுகளில் இருக்கின்றன. பெரிய திரையில் பார்ப்பவர்கள் பெரிய கோப்பையே எடுத்துக்கொள்வது நல்லது.

கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்ததால் அங்கே சென்ற பேலி, அங்குதான் இராமாயணத்தைப் படித்தார். பிறகு அவர் நியூயார்க் சென்றிருந்தபோது, மணவாழ்வை முறித்துக்கொள்வதாகக் கணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்நகரில் தங்க இடமின்றி நண்பர்கள் வீடுகளில் ஒதுங்கியிருந்த நாட்களில், 1920களின் பாடகி ஆனெட் ஹான்ஷாவின் இசைத்தட்டுகள் அவர் காதில் விழுந்தன. கைவிடப்பட்ட பெண்ணின் அந்தப் பாட்டுகளைச் சீதையின் வாயில் வைத்து, வீட்டுக் கணினியில் ஃப்ளாஷ் மென்பொருளால் சில ஆண்டுகள் உழைத்து முடித்த படம் 2008இல் பெர்லின் விழாவில் திரையேறியது; அதே ஆண்டு பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவில் சிறந்த முழுநீளப் படமாகத் தேர்வானது.

விருது வாங்கிய படத்தை வெளியிட முடியவில்லை. ஹான்ஷாவின் ஒலிப்பதிவுகளால் பெரிய சிக்கல் இல்லை. பாடல்களின் மெட்டும் வரிகளும் பெருநிறுவனங்களின் பிடியில் இருந்தன. முதலில் சுமார் 2,20,000 டாலர் கேட்ட அவர்கள், பேரத்துக்குப் பின் 50,000 டாலருக்கு இறங்கினார்கள். பேலி கடன் வாங்கித்தான் அதைக் கட்டினார். விற்கும் ஒவ்வொரு குறுந்தகட்டுக்கும் மேற்கொண்டு பணம் கொடுக்க வேண்டும் என்பதால், விளம்பரப் பிரதிகள் என்ற கணக்கில் 4,999 குறுந்தகடுகளோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, படத்தைப் பூட்டி வைப்பதைவிட ஊருக்கே கொடுத்துவிடலாம் என்று 2009இல் இணையத்தில் விட்டார். 2013இல் தமது பங்கின் காப்புரிமையை முழுவதுமாகத் துறந்தார்.

எதிர்ப்பு வேறு திசையிலிருந்தும் வந்தது. இராமனைச் சிறுமைப்படுத்துகிறது என்று இந்து அமைப்புகள் கண்டித்தன. 2011இல் நியூயார்க்கில் நடக்கவிருந்த ஒரு திரையிடல் கைவிடப்பட்டது. லவனும் குசனும் தந்தையைப் புகழ்வதுபோல் பாடிக் குத்திக்காட்டும் பாட்டு சிலருக்குக் கசக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் கூச்சல் தடுக்க முடியாத இந்தப் படத்தை ஒப்பந்தத் தாள்கள்தாம் உண்மையில் முடக்கிவைத்தன என்பது என் கருத்து. தணிக்கை என்றதும் நமக்கு அரசும் கத்தரிக்கோலும் மட்டுமே நினைவுக்கு வருவது போதாது.

படத்தின் உயிர் மூன்று நிழல் பொம்மைகளிடம் இருக்கிறது. எழுதி வைக்காத உரையாடலில், அவற்றுக்குக் குரல் கொடுக்கும் இந்தியர் மூவர் கதையை நினைவிலிருந்து சொல்லிச் சொல்லித் தடுமாறுகிறார்கள். அனுமன் அழைத்தபோதே சீதை கிளம்பியிருந்தால் போரே வந்திருக்காதே என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் மடக்கப் பார்க்கிறார்கள். திண்ணைப் பேச்சை ஒலிப்பதிவு செய்ததுபோன்ற இயல்பு இதில் இருக்கிறது. நடுவில் உண்மையாகவே ஓர் இடைவேளை வருகிறது. கதைமாந்தர்கள் தின்பண்டம் வாங்கிக்கொண்டு திரையின் குறுக்கே நடக்கிறார்கள். ராஜஸ்தானிய நுண்ணோவிய பாணி, கோணல் கோடுகளில் நடுங்கும் நியூயார்க் காட்சிகள், உருண்ட கண்களோடு ஆடும் சீதை என்று பாணி மாறிக்கொண்டே இருப்பது அலுப்பைத் தவிர்க்கிறது. இருந்தாலும் பிற்பாதியில் பாட்டுகள் கதையை நிறுத்தி வைக்கின்றன; பேலியின் சொந்தக் கதையும் மெலிந்தே நிற்கிறது, கணவர் ஏன் மாறினார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

கம்பன் முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டதால், கருவுற்ற சீதையைக் காட்டுக்கு அனுப்பும் பகுதியை நம்மில் பலர் அரைகுறையாகவே அறிவோம். படத்தின் கனம் முழுவதும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

திரைப்படச் சங்கங்கள் இதைத் திரையிட பேலியின் அனுமதியைக் கேட்க வேண்டியதில்லை. பாடல்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து வேறெதற்கும் பயன்படுத்திவிட வேண்டாம். அவற்றின் உரிமை அவரிடம் இருந்ததே இல்லை.